புல்லின் பக்கம் நின்றவர்

அன்று காலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இறாலின் நரம்பு மண்டலத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் சண்முகம் ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார். எப்போதும் நேராக உள்ளே வந்து சுற்றறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர். என்னவென்று கேட்டேன். "பிரின்சிபால் ரூமுக்கு போன் வந்துச்சு சார். நம்ம ரூத் மிஸ் போயிட்டாங்களாம்" என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

என் கையில் ஊசி இருந்தது. மாணவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலையை முடியுங்கள் என்று சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவே சுவராக நிறுத்தியிருக்கும் இரும்பு பீரோக்களைத் தாண்டித் தாவரவியல் பக்கம் போய் நின்றேன். அவர் விடுப்பில் போன நாளிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மேசைமேல் காய்ந்த செடிகள் ஒட்டிய அட்டைகளை யாரோ அடுக்கிவைத்திருந்தார்கள். பின்னால் ஒரு மாணவி அழத் தொடங்கியது கேட்டது. பிறகு இன்னொருத்தி. நான் திரும்பிப் போகவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

ரூத் தங்கமணி எங்கள் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தவர். நாசரேத் பக்கத்துக்காரர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து சீக்கிரமே காலமானவர். அம்மாவும் ஒரு தங்கையும் ஊரில் இருந்தார்கள். இருவரும் இவரை நம்பியே இருந்தார்கள். நான் திரேஸ்புரத்துக்காரன், விலங்கியல் எடுப்பவன். எங்கள் கல்லூரி தூத்துக்குடியில் புதிதாக வந்த கல்லூரி என்பதால் இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே கூடம்தான் கொடுத்திருந்தார்கள். பீரோக்களுக்கு இந்தப் பக்கம் என் தவளைகளும் நண்டுகளும். அந்தப் பக்கம் அவருடைய பாசிகளும் புற்களும். அவரிடம் படித்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த ரூத் மிஸ் வகுப்பறையில் இருந்தவர். அதற்கு வெளியே எனக்குத் தெரிந்தவரைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் கரும்பலகையில் உணவுச் சங்கிலி வரைந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. புல்லுக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவே போட்ட அம்புக்குறிமேல் 'உணவு' என்று எழுதியிருந்தேன். அடுத்ததிலிருந்து எல்லா அம்புக்குறிமேலும் 'வேட்டை'. வகுப்பு முடிந்து மாணவர்கள் போனதும் ரூத் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்து பலகையைப் பார்த்தபடி நின்றார். "சார், கோவிச்சிக்கிடாதீங்க. உங்க படத்துல முதல் கொலையைக் காணோமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சாக்பீஸால் அந்த முதல் அம்புக்குறியைத் தொட்டார். "இதுக்கு மட்டும் ஏன் சாப்பாடுன்னு பேரு? புல்லைக் கேட்டா வெட்டுக்கிளிதான் புலின்னு சொல்லும். அது ஓடாது, கத்தாது, ரத்தம் வராது. அதனால நமக்குப் பாவமாத் தெரியல. அவ்வளவுதான்."

நான் சிரித்துக்கொண்டே, புல்லுக்கு வலிக்குமா என்று கேட்டேன். "வலிக்குதோ என்னமோ, அது சும்மா இருக்கல சார். எருக்கு பாலை வச்சிருக்கு. கள்ளி முள்ளை வச்சிருக்கு. வேப்பிலை கசக்குது. இதெல்லாம் யாருக்காக வச்சிருக்கு? தின்ன வாரவங்களுக்காகத்தான்" என்றார். இந்தக் கேள்வி அவருக்கு விளையாட்டு இல்லை என்பது அப்போதே தெரிந்தது. எதைப் பார்த்தாலும் தின்னப்படுகிற பக்கத்திலிருந்து தொடங்குவது அவர் வழக்கம். புல்லின் பக்கம் நிற்கிறவர் என்று ஆசிரியர்கள் அறையில் கேலி செய்வோம். அவர் அதை மறுத்ததில்லை.

ஆனாலும் அவர் தாவரங்களைப் புனிதர்களாக ஆக்கிவைக்கவில்லை. ஒரு வருடம் ஐப்பசி மழை ஓய்ந்ததும் இரண்டு துறை மாணவர்களையும் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்குக் கூட்டிப்போனோம். செம்மண் மேடுகள் முடிந்து மழைத் தண்ணீர் கசிகிற ஒரு தாழ்வான இடத்தில், சேலை நனைவதைப் பாராமல் அவர் குப்புறப் படுத்துவிட்டார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மண்ணோடு மண்ணாகச் சிவந்த ஒரு சின்னச் செடி. இலையில் இருக்கிற ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டு பசை வெயிலில் மின்னியது. அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு காலை இழுத்துக்கொண்டிருந்தது. "இதுக்கு இந்தப் பக்கம் அழுகண்ணின்னு பேரு. பாத்தா அழுத மாதிரி இருக்கும். அந்தக் கண்ணீரை நம்பி வந்தா அவ்வளவுதான்" என்றார்.

ஒரு மாணவி பொறுக்க முடியாமல் குச்சியால் அந்தக் கொசுவை விடுவிக்கப் போனாள். ரூத் தடுக்கவில்லை. கொசு விழுந்தது, சிறகு பிய்ந்திருந்தது, பறக்கவில்லை. "இப்ப ரெண்டு பேரும் பட்டினி" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்து உடனே எழுந்து, அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். "நானும் உன் வயசுல அதைத்தான் செஞ்சேன். இந்த மண்ணுல சத்தே கெடையாது. மண்ணு குடுக்காததை அது எங்கயாவது தேடித்தான் ஆகணும்." அவர் சேலை முழுவதும் செம்மண். பஸ்ஸில் திரும்பும்போது நடத்துனர், வழுக்கி விழுந்துவிட்டீர்களா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமானது. கல்லூரியில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும்.

என் அக்கா ரெஜினாவின் கணவர் மிக்கேல், திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்துத் திருக்கை வலை விடுகிறவர். பெரிய கண் வலை. ஒரு நாள் அதில் ஒரு கடல்பசு மாட்டிக்கொண்டது. ஆவுளியா என்றும் சொல்வார்கள். கடலடியில் புல் மேய்கிற சாதுவான பிராணி. மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கியது வர முடியாமல் மூழ்கிச் செத்துவிட்டது. அதைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது அதன் கன்று வள்ளத்தின் பின்னாலேயே வந்திருக்கிறது. கரைவரைக்கும் வந்து, ஆழமில்லாத தண்ணீரில் நின்றுகொண்டது.

கடல்பசுவைப் பிடிக்கக் கூடாது என்று அப்போதுதான் புதிதாகச் சட்டம் வந்திருந்தது. கரையில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் பேசவில்லை. நான் செய்தி கேட்டு அங்கே போக இருந்தேன். ரூத் கேள்விப்பட்டு, தானும் வருவதாகச் சொன்னார். போனபோது தாய்ப்பசுவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இறைச்சிக்கு ஓலைப்பெட்டியோடு நின்றது. ரூத் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்துக்குள் போய் என் அத்தானிடம், "அண்ணாச்சி, இரைப்பையை வீசிராதீங்க. எனக்கு வேணும்" என்றார்.

அத்தான் அரிவாளோடு நிமிர்ந்து பார்த்தார். "இரைப்பையா? அதுல புல்லுதான டீச்சர் கெடக்கும்?"

"அந்தப் புல்லுதான் வேணும்."

இதை அத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் எல்லாரும் கறி கேட்டார்கள், ஒரு அம்மா மட்டும் புல்லைக் கேட்டுது என்று.

தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்து அவர் அந்தப் புல்லைக் கை நிறைய அள்ளி அள்ளிக் கழுவினார். மென்று நைந்துபோன பச்சைக் கூழ். அதற்குள்ளிருந்து முழு இலைகளைப் பொறுக்கி எடுத்து ஒரு தட்டில் பரப்பினார். நாற்றம் தாங்காமல் நான் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நாடாபோல அகலமான ஒரு இலையைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் புல்லு எல்லா இடத்துலயும் இல்ல சார். நான் வான்தீவுக்குத் தெற்கே ஒரு இடத்துலதான் பாத்துருக்கேன். இது அங்கனதான் மேஞ்சிருக்கு. மத்த மாடுகளும் அங்கன இருக்கும்."

கன்று அப்போதும் தண்ணீரில் நின்றது. யாரோ அதன் வாலடியில் கயிறு கட்டிக் குச்சியில் முடிந்துவைத்திருந்தார்கள். வாங்க ஆள் வந்தால் விற்றுவிடலாம் என்று ஒரு பேச்சு ஓடியது. ரூத் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, தட்டிலிருந்து எடுத்து இடுப்பில் சொருகியிருந்த புல்லை அதன் வாய்ப்பக்கம் நீட்டினார். அது மூக்கால் முட்டிப் பார்த்தது. வாயில் வாங்கியது, உதிர்த்துவிட்டது. பால்குடி மறக்காத கன்று. ஆனால் புல்லையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது.

அவர் கரைக்கு வந்து அத்தானிடம் நேராகக் கேட்டார். "இதை அங்கன கொண்டுபோய் விட்டுருவோமா அண்ணாச்சி?"

அத்தான் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்தான், "டீச்சர் போலீஸுக்குச் சொல்லிருவாங்களோ?" என்று கேட்டார். ரூத் அவரைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லணும்னா இங்கன வந்து புல்லைக் கழுவிக்கிட்டு இருக்க மாட்டேன். அம்மாவை நீங்க கொல்லணும்னு கொல்லல. வலைல விழுந்துச்சு. பிள்ளை கயித்துல கெடக்கே, அதுதான் இப்ப நம்ம கையில இருக்கு."

"அது தானா பின்னால வந்துச்சு டீச்சர். நான் கூப்பிடல" என்றார் அத்தான். அவர் குரல் எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டு, "காலைல காத்து தோதா இருந்தா போலாம். ஆனா வள்ளத்துல பொம்பளைங்களை ஏத்துற வழக்கம் இல்ல" என்றார். கறிப்பெட்டியோடு நின்றிருந்த என் அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "நானும் வாரேன். ரெண்டு பொம்பள ஏறினா வழக்கம் மாறிப் போச்சுன்னு வச்சிக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் போனோம். கயிற்றைத் தளர்த்திக் கட்டி, கன்றை வள்ளத்தின் ஓரமாகவே கூட்டிப்போனோம். இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தாயின் உடலோடு ஒட்டி நீந்துவதுபோல வள்ளத்தின் பலகையை உரசிக்கொண்டே வந்தது. அவ்வப்போது மூக்கைத் தூக்கி மூச்சுவிடும்; ஒரு சின்னக் குழந்தை பெருமூச்சு விடுகிற சத்தம். அக்கா அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டாள். தீவின் தெற்கே போனதும் அத்தான் பாயை இறக்கினார். தண்ணீர் தெளிந்திருந்தது. கீழே பச்சையாகப் புல்வெளி அசைந்தது. நடுவில் புல் இல்லாமல் மண் தெரிகிற கோடுகள் நீள நீளமாக ஓடின. கடல்பசுக்கள் வேரோடு பிடுங்கி மேய்ந்துபோன தடங்கள்.

கயிற்றை அவிழ்த்தோம். கன்று போகவில்லை. பாயை ஏற்றினோம், கூடவே வந்தது. மறுபடி இறக்கினோம், வள்ளத்துக்கு அடியில் வந்து நின்றது. அத்தானுக்குக் கோபம் வந்ததுபோல இருந்தது. துடுப்பால் தண்ணீரை அடித்தார். அது கொஞ்சம் விலகிப்போய்த் திரும்ப வந்து பலகையில் முகத்தை வைத்துக்கொண்டது. "சனியன், நான்தான ஒன் ஆத்தாளைக் கொன்னேன். என்கிட்டயே வாரியே" என்றார். அதற்குப் பிறகு துடுப்பை வைத்துவிட்டார்.

நான் விலங்கியல்காரனாகப் பேசினேன். இந்தப் பக்கம் சுறா வரும், தாய் இல்லாத கன்று தப்பாது, நாம் வந்ததே வீணோ என்று சொன்னேன். ரூத் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுறா வரட்டும் சார். அது அதுக்கும் கடலுக்கும் உள்ள விஷயம். அதுக்கு முன்னால இது ஒரு வாய் மேயணும். அதுவரைக்கும் நிப்போமா?"

நின்றோம். வெயில் ஏறியது. அக்கா கொண்டுவந்த கஞ்சியைப் பகிர்ந்து குடித்தோம். தூரத்தில் தண்ணீருக்கு மேல் பழுப்பு மூக்குகள் தெரிந்து மறைந்தன. இரண்டோ மூன்றோ, அலையோ என்றுகூடச் சந்தேகம். அத்தான்தான் முதலில் பார்த்துக் கையைக் காட்டினார். கன்று அதைப் பார்த்ததா தெரியாது. ஒரு தடவை மூச்சுவிட்டுக் கீழே போனது. பிறகு வள்ளத்தின் பக்கம் வரவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பும் வழியில் நான், அது மந்தையோடு சேர்ந்திருக்கும் என்று ஆறுதலாகச் சொன்னேன். "தெரியல சார். தெரியாததைத் தெரியாதுன்னே வச்சிக்கிடுவோம்" என்றார்.

சில நாட்கள் கழித்து மதிய இடைவேளையில் அத்தான் கல்லூரிக்கு வந்தார். அதுவரை அவர் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வெள்ளை வேட்டி, சட்டை. கோயிலுக்குப் போகிற உடை. என்னைத் தேடி வந்தார் என்று நினைத்தேன். "டீச்சரைப் பாக்கணும் மாப்ள" என்றார். ரூத் வராந்தாவுக்கு வந்தார். அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே சொன்னார்: "அந்தக் கன்னுக்குட்டி கரை ஒதுங்கிருச்சு டீச்சர். பின்பக்கம் பூராச் சுறா கடிச்சிருக்கு."

ரூத் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். அத்தானும் போகவில்லை. இன்னும் ஏதோ சொல்ல இருந்ததுபோல நின்றார்.

"வயித்தை அறுத்துப் பாத்தேன் டீச்சர்" என்றார் கடைசியில். "நீங்க அன்னைக்குக் கேட்டீங்கள்லா. அதான் பாத்தேன். உள்ள புல்லு இருந்துச்சு. வேரும் மண்ணுமா. தானா மேஞ்சிருக்கு."

ரூத் தங்கமணி அழுது நான் பார்த்தது அப்போதுதான். நின்ற இடத்திலேயே, மாணவர்கள் போய்வந்துகொண்டிருந்த வராந்தாவில், முகத்தை மூடாமல் அழுதார். அத்தான் பயந்துபோய் என்னைப் பார்த்தார். அவர் அழுதது கன்று செத்ததற்கா, அது மேய்ந்துவிட்டு இறந்ததற்கா என்று நான் பிறகும் கேட்கவில்லை. அத்தான் அதற்கப்புறம் வான்தீவுக்குத் தெற்கே வலை விடுவதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், அங்கே பாறை இருக்கிறது, வலை கிழியும் என்று சொல்லிவிடுவார்.

இருமல் அந்த வருடமே தொடங்கியிருந்தது என்று இப்போது தெரிகிறது. சாக்பீஸ் தூசி என்பார். பிறகு வெயிலில் அலைந்த சூடு என்பார். உண்மையில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லவில்லை, ஊரில் அம்மாவுக்கும் சொல்லவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அக்காளுக்கு நெஞ்சு நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்த நாட்களில், ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஊசியை நிறுத்தியிருக்கிறார். உடம்பும் தேறினாற்போல இருந்திருக்கிறது. தங்கை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மணமேடைக்குப் பக்கத்தில் அவர் நீல நிறப் பட்டுச் சேலையில் நின்று, வந்தவர்களை எல்லாம் சிரித்து வரவேற்றது என் கண்ணில் இருக்கிறது. அதற்குச் சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. அப்போது பழைய ஊசி கேட்கவில்லை. ஒரு நாள் செய்முறை வகுப்பில் இருமலோடு ரத்தம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவரைச் சேர்த்திருந்த, மலையடிவாரத்தில் இருக்கும் காசநோய் சானடோரியத்துக்கு நானும் என் மனைவியும் போய் வந்தோம். பெண்கள் வார்டின் முன்னால் வேப்பமரங்களும் சிமெண்ட் பெஞ்சுகளும் இருந்தன. முதல் தடவை போனபோது அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். மெலிந்து, கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன. எங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

"சார், பாக்டீரியா யார் சிலபஸ்ல இருக்கு?" என்று கேட்டார்.

"உங்க சிலபஸ்லதான்" என்றேன். அப்போதும் இப்போதும் எங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பாக்டீரியாவைத் தாவரவியலில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

"அப்ப என்னைத் தின்னுறது எங்க ஆளுதான். இவ்வளவு காலம் உங்க ஆளுங்க எங்களைத் தின்னாங்க. ஒரு தடவை இப்படியும் இருக்கட்டும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. என் மனைவி எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டாள். தள்ளி இருக்கச் சொன்னதை அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் என்னிடம், இந்த நிலையிலும் கேலி பேசுகிறவர்களுக்குச் சாவு பயம் இருக்காது இல்லையா என்று கேட்டாள். இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைசித் தடவை நான் தனியாகப் போனேன். படுக்கையில் இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவர் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, அம்மை போட்டிருந்த என் மகள் எழுந்துவிட்டாளா என்பது. எழுந்துவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். பிறகு, "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு சார்" என்றார்.

நீங்கள் அப்படிச் சொல்லலாமா, எல்லாவற்றையும் புரிந்தவராயிற்றே என்று ஏதோ சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒண்ணை ஒண்ணு தின்னுதான் எல்லாம் நடக்குன்னு இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அது பொய்யில்ல. இப்பவும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா எல்லாம் தெரிஞ்சிருந்தா பயம் வராதுன்னு நெனச்சிருந்தேன் பாருங்க, அது மட்டும் தப்பு. தெரிஞ்சது ஒரு பக்கம் இருக்கு, பயம் ஒரு பக்கம் இருக்கு. ஒண்ணு இன்னொண்ணைத் தொடவே மாட்டேங்குது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் இல்லாமப் போனா, மிஸ் தைரியமாப் போனாங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லுவீங்க. சொல்லாதீங்க சார். பயந்தாங்கன்னு சொல்லுங்க. நாளைக்கு அதுங்களுக்கும் பயம் வரும்போது, நாமதான் ஒழுங்காப் படிக்கலைன்னு நெனச்சிரக் கூடாதுல்லா."

நர்ஸ் வந்து நேரமாயிற்று என்றார். நான் எழுந்தேன். பஸ் எந்தப் பக்கம் நிற்கும், வெயிலில் குடை கொண்டுவந்தேனா என்று விசாரித்து அனுப்பினார்.

அவரை அவர் ஊரிலேயே, அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மாணவர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மிக்கேல் அத்தானும் அக்காவும் வந்தார்கள். கத்தோலிக்கர்களான அவர்களுக்கு அந்த ஜெப முறை பழக்கமில்லை. பாட்டு வரும்போது மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எழுந்து நின்றார்கள். தங்கை நிறைமாதமாக இருந்ததால் கல்லறைக்கு வர விடவில்லை. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அம்மா அழுது ஓய்ந்திருந்தார். என் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெகு நேரம் அவர் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய வகுப்பையும் சேர்த்து என்னைப் பார்க்கச் சொன்னார்கள். நான் பாடம் எதுவும் எடுக்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். உட்கார்ந்த பிறகு முன்வரிசையில் ஒரு பெண், கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, "மிஸ் கடைசியில பயந்தாங்களா சார்?" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அந்த நிமிடம் தெரிந்தது.

"பயந்தாங்க" என்றேன். "பயமா இருக்குன்னு என்கிட்டச் சொன்னாங்க. அதுக்கு முன்னாலயே என் மகளுக்கு அம்மை எறங்கிருச்சான்னு கேட்டவங்கதான் அவங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். ஏதோ பாரத்தை இறக்கிவைத்ததுபோல இருந்தது. ரூத் தங்கமணி கற்றுத்தந்தவற்றில் பலவும் அவர் மாணவர்களிடம் இருக்கிறது. அவர்கள் என்னைவிட நன்றாகவே அதைச் சொல்வார்கள். அவர் தன் பயத்தை மறைக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் வைத்திருப்பது அதுதான்.